சிவப்பு மருந்துக்கு ஒரு சட்டை: டாக்ஸில் – ஒரு நிகழ்வு ஆய்வு

புற்றுநோய் வார்டின் மருந்தறையில் இரண்டு குப்பிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் டாக்சோரூபிசின். இரண்டிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம். இரண்டும் சிவப்பு. ஒன்று வடிகட்டிய சர்பத் போலத் தெளிந்திருக்கும். மற்றதில் ஒரு மெல்லிய மங்கல்; வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். முதல் குப்பியின் மருந்து உடம்பில் ஏறிய சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் பரவிவிடுகிறது. இரண்டாவது குப்பியில் உள்ளது இரண்டு நாள் கழிந்த பிறகும் ஏறத்தாழப் பாதியளவு ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை அதே மில்லிகிராம் கணக்கில் ஏற்றியதால் உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டின் பெயரும் ஒன்றாகத் தொடங்குவதால் இந்த எச்சரிக்கை இன்றும் தேவைப்படுகிறது.

இரண்டாவது குப்பிதான் டாக்ஸில். 1995 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்த இந்த மருந்தைத்தான் அங்கே ஒப்புதல் பெற்ற முதல் நானோ மருந்தாகக் கணக்கில் வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மூலக்கூறு பழையதுதான். அதை 80 முதல் 100 நானோமீட்டர் அகலமுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, குமிழியின் மேல் பாலிஎதிலீன் கிளைகால் என்ற பொருளால் ஒரு சட்டை போர்த்தியிருக்கிறார்கள்.

நானோ மருந்து பற்றிய செய்திகளில் "கட்டியைத் தேடிப்போய்த் தாக்கும்" என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. நானும் பல காலம் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். டாக்ஸிலின் வரலாற்றை மருந்தியல் எண்களோடு சேர்த்துப் படித்த பிறகு அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் குமிழி எதையும் தேடுவதில்லை. ரத்தம் போகும் வழியில் போகிறது. குழாய்ச் சுவர் எங்கே ஒழுகுகிறதோ அங்கே வெளியேறுகிறது. அது சாதித்தது நிஜமாகவே பெரிய காரியம். ஆனால் அந்தச் சாதனை கட்டியில் நிகழ்ந்ததைவிட இதயத்தில் நிகழ்ந்ததே அதிகம்.

இதயம் போட்ட எல்லைக்கோடு

டாக்சோரூபிசின் 1960களின் இறுதியில் இத்தாலியின் ஃபார்மிடாலியா நிறுவன ஆய்வகத்திலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசிடியஸ் என்ற மண் பாக்டீரியாவின் ஒரு வகை அதைச் சுரந்தது. செல்லின் டிஎன்ஏ இழைகளுக்கு இடையே புகுந்து, அவற்றின் முறுக்கை அவிழ்த்துக் கட்டும் நொதியை முடக்குகிறது. மார்பகம், சினைப்பை, ரத்தம், எலும்பு எனப் பல இடத்துப் புற்றுநோய்களுக்கு அது பலன் தந்தது.

விலை இதயத்தசையில் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் அன்றன்றைக்கான விலை அல்ல. சேர்ந்துகொண்டே போகும் கடன். வாழ்நாளில் ஏற்றிய மொத்த அளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமை எட்டும்போது இதயம் செயலிழக்கும் ஆபத்து வேகமாக உயர்கிறது. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் அதை நிறுத்த வேண்டிய நிலை. கட்டி சுருங்குகிறது, ஆனால் இனி அந்த மருந்து கிடையாது என்று ஒரு நோயாளியிடம் சொல்ல வேண்டிய இடம் இருக்கிறதே, அந்த இடத்திலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

ஜெருசலேமில் முதல் தோல்வி

கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே சுருண்டு, உள்ளே தண்ணீரை அடக்கிய நுண்குமிழிகளாகிவிடும் என்பதை 1960களில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்ஹாம் காட்டியிருந்தார். லிப்போசோம் என்று அதற்குப் பெயர் வந்தது. அதற்குள் மருந்தை வைக்கலாம் என்ற எண்ணம் 1970களில் பலருக்கும் வந்தது.

ஜெருசலேமில் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் பாரன்ஹோல்ஸும், ஹதாஸா மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர் ஆல்பர்ட்டோ காபிசோனும் இதில் இறங்கினார்கள். அவர்களுடைய முதல் குமிழிக்கு மேலுறை எதுவும் இல்லை. மருந்தும் குமிழியின் வயிற்றில் இல்லாமல் அதன் தோலிலேயே ஒட்டியிருந்தது. வெறும் குமிழிகளைக் கல்லீரல் விழுங்கிவிடும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அதையே சாதகமாக்கலாம் என்று கல்லீரலில் கட்டி உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். யோசனை நியாயமானதுதான்.

1980களின் நடுவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன. மருந்தில் கணிசமான பங்கு ரத்தத்தில் கலந்தவுடனேயே குமிழியிலிருந்து கழன்றுவிட்டது. கதிரியக்கக் குறியிட்ட குமிழிகளைப் படமெடுத்துப் பார்த்தால், நல்ல கல்லீரலும் மண்ணீரலும் ஒளிர்ந்தன. கட்டி இருந்த இடம் மட்டும் இருண்டிருந்தது. கல்லீரலில் குமிழிகளைப் பிடிப்பவை அதன் காவல் செல்களான விழுங்கணுக்கள். கட்டிக்குள் அவை அப்படி வரிசைகட்டி நிற்பதில்லை. வாசல் வரை வந்த மருந்து, வீட்டுக்காரர் கையில் சேராமல் காவல்காரர் கையிலேயே நின்றுவிட்டது.

இந்தத் தோல்வியை அவர்கள் மறைக்காமல் பிரசுரித்தார்கள். பின்னால் வந்த வெற்றியைவிட எனக்கு இந்தக் கட்டுரைகள் மீதுதான் மதிப்பு அதிகம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருந்தது: குமிழி சிறிதாக இருக்க வேண்டும், மருந்து வயிற்றுக்குள் இருக்க வேண்டும், வழியில் கசியக்கூடாது, விழுங்கணுக்கள் கண்ணில் படாமல் நீண்ட நேரம் சுற்ற வேண்டும்.

பாசியும் பறியும்

கடைசி நிபந்தனைதான் எல்லோரையும் திணறடித்தது. அந்நியப் பொருள் ரத்தத்தில் வந்ததும் சில புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்கணுக்களுக்கு அடையாளம் காட்டிக் கொடுக்கின்றன. அப்படியானால் சிவப்பணுக்கள் எப்படி 120 நாள் சுற்றுகின்றன? அவற்றின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கின்றன. அதைப் பார்த்துப் போலவே செய்ய முயன்றவர்கள் மூளைத்திசுவில் கிடைக்கும் காங்கிலியோசைடு என்ற சர்க்கரைக் கொழுப்பைக் குமிழியில் சேர்த்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பாப்பஹாட்ஜோபௌலோஸின் ஆய்வகத்துக்குப் போயிருந்த காபிசோன், இப்படி மாற்றிய குமிழிகள் அதிக நேரம் சுற்றி எலிகளின் கட்டிகளில் அதிகம் சேர்வதை 1988இல் அவரோடு சேர்ந்து வெளியிட்டார். ஆனால் மூளையிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளை வைத்து உலகத்துக்கே மருந்து செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

அதற்குப் பதில் தொழிற்சாலையில் மலிவாகச் செய்யக்கூடிய ஒரு பொருளில் கிடைத்தது. பாலிஎதிலீன் கிளைகாலைப் புரதங்களில் ஒட்டினால் அவை ரத்தத்தில் நீடிக்கின்றன என்று 1977இலேயே அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் காட்டியிருந்தார்கள். 1990, 1991 ஆண்டுகளில் பல குழுக்கள் தனித்தனியே அதைக் குமிழிகளிலும் செய்து பார்த்தன. டாக்ஸிலில் அந்தச் சங்கிலியின் மூலக்கூறு எடை 2000. ஒரு முனை கொழுப்பில் ஊன்றியிருக்க, மறுமுனை வெளியே நீரில் அலையும். சங்கிலி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நிறைய நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. குளத்துப் படித்துறையில் பாசி பிடித்த படியை நினைத்துக்கொள்ளுங்கள்; கால் வைத்தால் பிடிமானம் கிடைக்காது. அப்படித்தான் புரதங்களுக்கும் அந்தப் பரப்பில் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. முழுக்க ஒட்டாது என்றில்லை, தாமதமாகிறது. அந்தத் தாமதம்தான் சட்டையின் மொத்தப் பயன்.

கசிவைத் தடுக்க, உடல் வெப்பத்தில் இளகாத கொழுப்பு தேவைப்பட்டது. ஹைட்ரஜன் ஏற்றிய சோயா பாஸ்பாட்டிடைல்கோலின் 50 டிகிரிக்கு மேல்தான் இளகும். அதோடு கொலஸ்ட்ரால் சேர்ந்து சுவர் இறுகியது.

மருந்தை உள்ளே அடைத்த விதம்தான் இந்த மருந்தின் உண்மையான கைத்திறன் என்பேன். மேலுறையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. முதலில் குமிழிகளை அம்மோனியம் சல்ஃபேட் கரைசலில் உருவாக்குகிறார்கள். பிறகு வெளியில் உள்ள உப்பை மட்டும் நீக்குகிறார்கள். உள்ளே சிக்கிய அம்மோனியம், அம்மோனியா வாயுவாக மெல்லச் சுவரைத் தாண்டி வெளியேறும். போகும்போது அமிலத்தன்மையை உள்ளே விட்டுவிட்டுப் போகும். இப்போது வெளியே டாக்சோரூபிசினைச் சேர்க்கிறார்கள். மின்னூட்டமில்லாத நிலையில் அந்த மூலக்கூறு சுவரைக் கடந்து உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் அமிலத்தில் மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டத்தோடு திரும்பி வர முடியாது. மேலும், உள்ளிருக்கும் சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாக உறைந்தும் விடுகிறது. வாய்க்காலில் பறி வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: வரும் வழி உண்டு, திரும்பும் வழி இல்லை. இப்படி 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட மருந்து உள்ளே போய்விடுகிறது. ஒரு குமிழிக்கு ஏறத்தாழ 10,000 முதல் 15,000 மூலக்கூறுகள். உறைநிலை மின்நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு படிகக் கோடு தெரியும். பார்க்கக் காபிக்கொட்டை மாதிரியே இருக்கும்.

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த லிப்போசோம் டெக்னாலஜி நிறுவனம், பிற்பாடு சீக்வஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, இதை மருந்தாக்கியது.

மனித உடலில் நடந்தது

ஜெருசலேம் நோயாளிகளிடம் எடுத்த முதல் அளவீடுகளைக் காபிசோனும் குழுவும் 1994இல் வெளியிட்டார்கள். குமிழி மருந்தின் அரைவாழ்வு சுமார் 45 மணி நேரம். நுரையீரல் உறையிலும் வயிற்றிலும் புற்றுநோயால் தேங்கும் நீரில், சாதா மருந்தைவிட 4 முதல் 16 மடங்கு அதிக அளவில் மருந்து சேர்ந்திருந்தது.

எனக்கு இதைவிட அழுத்தமாகப் பேசும் எண் பரவல் கொள்ளளவு. மருந்து ரத்தத்தை விட்டு எவ்வளவு தூரம் பரவியது என்பதை லிட்டரில் சொல்லும் கணக்கு அது. சாதா டாக்சோரூபிசினுக்கு அது சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 700 லிட்டருக்கும் மேல். மனித உடலில் அத்தனை லிட்டரே கிடையாது, அதாவது மருந்து கிட்டத்தட்ட முழுவதும் திசுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்று பொருள். டாக்ஸிலுக்கு அது 3 லிட்டருக்கும் கீழே. ரத்தத்தின் நீர்ப்பகுதியின் அளவுதான். மருந்து குழாய்க்குள்ளேயே நிற்கிறது. இதயத்தசையின் நுண்குழாய்ச் சுவர்கள் இடைவெளியின்றி நெருக்கமாகத் தைத்தவை. 100 நானோமீட்டர் குமிழி அதன் வழியே வெளியேற வழியில்லை. இதயம் தப்பியது இதனால்தான்.

அனுமதிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நோய் கபோசி சர்கோமா. அமெரிக்காவில் எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. இளைஞர்களின் தோலில் ஊதா நிறத் தழும்புகளாக அந்த நோய் பரவிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே நலிந்த உடலால் கடுமையான கீமோவைத் தாங்க முடியவில்லை. மருந்து ஏற்றி 48 மணி நேரம் கழித்துத் தழும்பிலும் அருகில் உள்ள நல்ல தோலிலும் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, தழும்பில் இருந்த மருந்து நடுமதிப்பில் 19 மடங்கு. முந்தைய கூட்டுச் சிகிச்சை பலிக்காத அல்லது தாங்காத 77 பேரின் முடிவுகளை வைத்து முதல் அனுமதி வந்தது. பின்னர் 258 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் டாக்ஸில் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது; மூன்று மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 25 சதவீதம்தான்.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். கபோசி சர்கோமா ரத்தக்குழாய்ச் செல்களிலிருந்தே உருவாகும் கட்டி. அதன் குழாய்கள் சல்லடை போல ஒழுகும். குமிழி மருந்துக்கு இதைவிட அனுகூலமான களம் கிடையாது. இந்த வெற்றியை அப்படியே எல்லாக் கட்டிகளுக்கும் நீட்டியதில்தான் பிற்காலத்து மிகைநம்பிக்கையின் விதை இருக்கிறது.

உண்மையான பரிசோதனை மார்பகப் புற்றுநோயில் நடந்தது. 2004இல் வெளியான ஆய்வில், நோய் பரவிய நிலையிலிருந்த 509 பெண்கள். ஒரு பாதிக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 50 மில்லிகிராம் டாக்ஸில். மறுபாதிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதே கணக்கில் 60 மில்லிகிராம் சாதா டாக்சோரூபிசின். நோய் முற்றாமல் இருந்த காலம் 6.9 மாதம், 7.8 மாதம். உயிர்வாழ்ந்த காலம் 21 மாதம், 22 மாதம். கட்டியைப் பொறுத்தவரை இரண்டும் சமம்தான். புதிய மருந்து கட்டியை அதிகமாகக் கொல்லவில்லை. இதயத்தைப் பாருங்கள்: டாக்ஸில் பெற்றவர்களில் 10 பேருக்கு இதயப் பாதிப்பு, சாதா மருந்தில் 48 பேருக்கு. முடி கொட்டியது 20 சதவீதம், எதிரே 66 சதவீதம்.

"சமம்தானா?" என்று இந்த முடிவைச் சிலர் ஏமாற்றமாகப் படித்தார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வாரக் கணக்கில் பார்த்தால் ஒருவருக்கு 12.5 மில்லிகிராம், மற்றவருக்கு 20. அதைவிடக் குறைந்த மருந்தில் அதே பலன், இதயம் பத்திரம், தலைமுடி பெரும்பாலும் பத்திரம். பரவிய நோயோடு வாழும் ஒரு பெண்ணுக்கு, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருப்பது சிறிய விஷயமே அல்ல.

சட்டைக்கான விலை

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோலுரியும் பாதிப்பு சாதா மருந்தில் 2 சதவீதம். டாக்ஸிலில் 48 சதவீதம். நோய் தந்த துன்பமல்ல இது, மருந்துக்குப் போட்ட சட்டை புதிதாகக் கொண்டுவந்தது. நாட்கணக்கில் சுற்றும் குமிழிகள், அழுத்தமும் உரசலும் சூடும் படும் இடங்களில் நுண்குழாய்களிலிருந்து மெல்லக் கசிந்து தோலில் சேர்கின்றன. அதனால்தான் மருந்து ஏறிய நாட்களில் வெந்நீரில் கைவைக்க வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம், கையை அழுத்தித் தேய்க்கும் வேலை வேண்டாம் என்று செவிலியர்கள் சொல்கிறார்கள். கையால் துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, கூலிக்கு நாற்று நட்டுப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த அறிவுரையை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? இதயத்தைக் காப்பாற்றிய கணக்கு எழுதும்போது இந்தக் கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இடைவெளியைக் கூட்டுவதும் அளவைக் குறைப்பதும்தான் இதற்கு இன்றும் நம்பகமான வழி.

இரண்டாவது விலை முதல் சில நிமிடங்களில் தெரியும். திடக்கட்டி நோயாளிகளில் சுமார் 11 சதவீதத்தினருக்கு மருந்து ஏறத் தொடங்கியதும் முகம் சிவந்து, மூச்சு முட்டி, நெஞ்சோ முதுகோ வலித்து, ரத்த அழுத்தம் இறங்கக்கூடும். வழக்கமான ஒவ்வாமைக்கு முன் அறிமுகம் வேண்டும். இதற்கு வேண்டாம், முதல் முறையே வரும். ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதத் தொடர் குமிழியைக் கண்டு விழித்துக்கொள்வதை ஹங்கேரிய ஆய்வாளர் யானோஷ் செபெனி விரிவாக விளக்கியிருக்கிறார். நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் என்று மெதுவாகத் தொடங்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். கண்ணில் படாத சட்டை என்று விளம்பரத்தில் சொன்னதை உடல் முழுசாக ஏற்கவில்லை.

எவ்வளவு போய்ச் சேர்கிறது?

1986இல் ஜப்பானின் குமமோட்டோவில் மாட்சுமுராவும் மேடாவும், கட்டியின் குழாய்கள் ஒழுகும், வடிகால் சரியில்லை, அதனால் பெரிய துகள்கள் அங்கே தங்கும் என்று காட்டினார்கள். எலிகளில் இது அழகாக வேலை செய்கிறது. மனிதர்களில்? 2001இல் லண்டன் ஆய்வாளர்கள் 17 நோயாளிகளுக்குக் கதிரியக்கக் குறியிட்ட, சட்டை போட்ட, ஆனால் மருந்தில்லாத குமிழிகளைக் கொடுத்துப் படமெடுத்தார்கள். 15 பேரின் கட்டி படத்தில் தெரிந்தது. ஆனால் 72 மணி நேரத்தில் கட்டிக்குப் போனது கொடுத்த அளவில் 0.5 முதல் 3.5 சதவீதம். தலை, கழுத்துக் கட்டிகளில் அதிகம், மார்பகத்தில் மிகக் குறைவு. ஒரே மருந்து, ஒரே சட்டை, ஆளுக்கு ஆள் இத்தனை வித்தியாசம். 2016இல் டொரண்டோ குழுவொன்று பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் தொகுத்தபோது நானோ துகள்களில் நடுமதிப்பாக 0.7 சதவீதமே கட்டியை எட்டுவதாகக் கணக்கிட்டது.

இந்த எண்ணைக் காட்டி நானோ மருந்தே வீண் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாதா மருந்திலும் கட்டிக்குப் போவது சொற்பம்தான். கேள்வி, மீதி எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது என்பது.

கட்டியில் சேர்ந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் டாக்ஸிலை மருந்தாக்கிய அதே நிறுவனத்திலேயே விடை கிடைத்தது. டாக்ஸிலின் அதே வகைச் சட்டைக்குள் சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை வைத்து எஸ்பிஐ-77 என்ற மருந்தைச் செய்தார்கள். குமிழி நீண்ட நேரம் சுற்றியது, கசியவில்லை, பக்கவிளைவுகளும் குறைவு. நோயாளிகளின் கட்டிகள் சுருங்கவே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பலன் சொற்பம். சிஸ்பிளாட்டின் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. கட்டிக்குப் பக்கத்தில் போயும் வெளியே வரவில்லை. பறியில் சிக்கிய மீனை எடுக்க ஒரு வழி வேண்டும் அல்லவா? டாக்சோரூபிசினுக்கு அந்த வழி இயல்பாகவே அமைந்திருந்தது, சிஸ்பிளாட்டினுக்கு அமையவில்லை. மேலுறையை ஒரு பொதுத் தீர்வாக விற்பவர்கள் இந்த ஒரு மருந்தையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

தட்டுப்பாடு

2011இல் இந்த மருந்தின் பலவீனம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வெளிப்பட்டது. டாக்ஸிலை ஒப்பந்தத்தில் தயாரித்துக்கொடுத்த ஓஹையோவின் பென் வென்யூ ஆலை அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது; ஆண்டு இறுதியில் உற்பத்தியே நின்றது. சினைப்பைப் புற்றுநோய்க்காக நடுவழியில் சிகிச்சையில் இருந்த பெண்கள் அடுத்த டோஸுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சாதாரண மாத்திரையாக இருந்தால் இன்னொரு ஆலை சில மாதங்களில் கைகொடுத்திருக்கும். குமிழியின் அளவு, சுவரின் கலவை, உள்ளே உறையும் படிகம் என எல்லாம் ஒத்துவர வேண்டிய மருந்தை அப்படி இடம் மாற்ற முடியாது.

2012 பிப்ரவரியில் அமெரிக்க நிர்வாகம், அங்கே அனுமதி பெறாத ஒரு மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய இசைந்தது. அது இந்தியாவின் சன் பார்மா நிறுவனத்தின் லிப்போடாக்ஸ். ஓராண்டு கழித்து, 2013 பிப்ரவரியில், அதே நிறுவனத்தின் குமிழி டாக்சோரூபிசினுக்கு முதல் பொதுப்பெயர் மருந்து அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்கு மருந்தின் மூலக்கூறு ஒன்றாக இருப்பது போதவில்லை. அதே கொழுப்புகள், அதே விகிதம், குமிழிக்குள் மருந்து ஏறும் அதே அம்மோனியம் சல்ஃபேட் வழி, அதே குமிழி அளவு, நோயாளிகளின் ரத்தத்தில் குமிழிக்குள் உள்ள மருந்துக்கும் வெளியே கழன்ற மருந்துக்கும் தனித்தனி அளவீடு என்று அத்தனையும் கேட்டார்கள். குப்பியின் மேல் எழுதப்பட்டிருப்பது டாக்சோரூபிசின் என்ற பெயர். அனுமதி கொடுத்தவர்கள் சோதித்ததில் பெரும்பகுதி அதன் சட்டையை.